உப்புக் காற்றும் 6.3 வோல்ட்டும்

(புதுச்சேரியில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வழக்கமாக இந்த மாதிரி மேடைகளில் பேச்சாளரின் முன்னால் ஒரு சொம்புத் தண்ணீரும் ஒரு மலர்க் கொத்தும் இருக்கும். இன்றைக்கு ஒரு இரும்புப் பெட்டி இருக்கிறது. அதன் மேல் எட்டுக் கண்ணாடிக் குப்பிகள், மூன்று இரும்புக் கட்டிகள். இதை மாடிக்குத் தூக்கி வந்த தம்பி இன்னும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு முதலில் ஒரு கைதட்டல் கொடுங்கள்.

இது ஒரு வால்வு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர். யார் செய்தது என்று கேட்காதீர்கள். பெயர்த் தகட்டைக் குருசுக்குப்பத்து உப்புக் காற்று என்றைக்கோ தின்றுவிட்டது. பின்புறத்தில் இரண்டு சொற்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. ஒன்று ‘ஓ-பார்லர்’, ஒலிபெருக்கி மாட்டும் இடம். இன்னொன்று ‘செக்தெர்’, கரண்டு வரும் இடம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து ஓய்வு பெற்று, அறுபதுகளின் நடுவில் கப்பலேறி ஊர் திரும்பிய என் பெரியப்பா கொண்டுவந்தது. மற்ற சொல்தாக்கள் கடிகாரம் கொண்டுவந்தார்கள், வாசனைத் தைலம் கொண்டுவந்தார்கள். என் பெரியப்பா மரப்பெட்டியில் வைக்கோல் சுற்றி இதைக் கொண்டுவந்தார். பெரியம்மா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

பெரியப்பா போனபின் இது என் பெயருக்கு வந்தது. என் பெயருக்கு வந்தது என்பதால் எனக்குச் சொந்தமாகிவிட்டதா? இந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். ஒரு பொருள் எப்போது நமக்குச் சொந்தமாகிறது? ரசீது கையில் இருக்கும்போதா? அலமாரியில் ஏற்றி வைத்துத் துடைக்கும்போதா? அல்லது, அது ஒருநாள் பேசாமல் நின்றுவிட்டால் அதன் அடிமூடியைக் கழற்றி உள்ளே பார்க்கத் துணியும்போதா?

முதலில், இது என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

நம் ஊசுடேரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏரி நிறையத் தண்ணீர். மதகின் திருகைக் கொஞ்சம் திருப்புகிறார் ஒருவர். அவர் செலவழிக்கும் பலம் எவ்வளவு? ஆனால் காணிக் காணியாக வயல் நனைகிறது. வால்வு என்ற சொல்லுக்கே மதகு என்றுதான் பொருள். உள்ளே ஒரு கம்பி சூடாகிறது. அதைச் சுற்றியுள்ள குழாயிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்புகின்றன. எதிரே 300 வோல்ட் ஏறிய தகடு அவற்றை இழுக்கிறது. நடுவில் ஒரு சல்லடைக் கம்பி. இசைத்தட்டின் முள்ளிலிருந்து வரும் துளியூண்டு மின்சாரம் அந்தச் சல்லடையில் கை வைக்கிறது. வயல் நனைகிறது. அவ்வளவுதான் கதை.

1904-இல் ஃபிளெமிங் என்ற ஆங்கிலேயர் இரண்டு முனை வால்வு செய்தார். 1906-இல் லீ டி ஃபாரஸ்ட் என்ற அமெரிக்கர் நடுவில் மூன்றாவது முனையை நுழைத்தார். ஆனால் அதை ஆயிரக்கணக்கில், ஒன்றுபோல் ஒன்றாகச் செய்யக் காட்டியவர்களில் பிரெஞ்சுக்காரர்கள் முக்கியமானவர்கள். முதல் உலகப்போரில், 1915-இல், ஃபெரியே என்ற ராணுவப் பொறியாளரின் முயற்சியில், லியோன் நகரத்துப் பல்பு தொழிற்சாலையில் ‘டி.எம்.’ என்ற ராணுவ வால்வு உருவானது. பல்பு செய்தவர்களே வால்வும் செய்தார்கள். அதனால்தான் பிரெஞ்சுக்காரன் இதை இன்றும் ‘லாம்ப்’ என்கிறான். பெரியப்பாவும் சாகும்வரை வால்வு என்று சொன்னதில்லை. “லாம்ப் சூடாகட்டும்டா” என்பார். நம் கடற்கரைச் சாலையில் அந்தப் போரில் இறந்தவர்களுக்கு 1938-இல் எழுப்பிய நினைவகம் நிற்கிறதே, அதைத் தாண்டி நடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த லாம்ப் நினைவு வரும். அவர்கள் காதில் கடைசியாக விழுந்த கட்டளைகளில் சில அதன் வழியாக வந்திருக்கும்.

சரி, குப்பிகளைப் பார்ப்போம். ஒவ்வொன்றின் மேலும் ஏதோ எழுதியிருக்கிறது. நாலு குப்பியில் ‘இ.எல்.84’. மூன்று குப்பியில் ‘இ.சி.சி.83’. ஒன்றில் ‘ஜி.இசட்.34’. கடையில் போய் இந்தப் பெயர்களைக் கேட்கும்போது ஏதோ பேருந்து எண் சொல்வதுபோல் இருக்கும். ஆனால் இவை ஜாதகம்! ‘இ’ என்றால் உள்ளே சூடாகும் கம்பிக்கு 6.3 வோல்ட் கொடு என்று பொருள். ‘எல்’ என்றால் பலம் கொடுக்கும் கடைசி வால்வு. ‘சி’ என்றால் மூன்று முனை, ‘சி.சி.’ என்றால் ஒரே குப்பிக்குள் இரட்டைக் குழந்தை. எண்பதில் தொடங்கும் எண் என்றால் அடியில் ஒன்பது கால். ‘ஜி’ என்றால் 5 வோல்ட். ‘இசட்’ என்றால் ஏசி கரண்டை டிசியாக்குவது. முப்பதில் தொடங்கினால் எட்டுக் கால், பெரிய சாக்கெட். ஐரோப்பியக் கம்பெனிகள் ஒரே முறையில் பெயர் வைத்ததால் ஹாலந்தில் செய்தது, பிரான்சில் செய்தது, இங்கிலாந்தில் செய்தது, பெங்களூரில் செய்தது எல்லாம் இந்த சாக்கெட்டில் உட்காரும்.

பெங்களூரிலா என்று கேட்பீர்கள். ஆமாம், பெங்களூரில்தான்! பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1954-இல் தொடங்கப்பட்டது. யாருடைய தொழில்நுட்ப ஒத்துழைப்போடு? சி.எஸ்.எஃப். என்ற பிரெஞ்சுக் கம்பெனியோடு. அதே 1954-இல், நவம்பர் 1-ஆம் தேதி, புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு நிர்வாகம் கை எடுத்துக்கொண்டது. ஒரு வாசல் வழியாகப் போனவர்கள் இன்னொரு வாசலில் கூட்டாளியாக நின்றார்கள். 1961-இல் பெங்களூரில் ரேடியோ வால்வு உற்பத்தி தொடங்கியது. உங்களில் ஐம்பதைத் தாண்டியவர்கள் வீட்டு ரேடியோவில், கல்யாண வீட்டு மைக் செட்டில், அந்த வால்வுகள் எரிந்திருக்கும். இந்தப் பெட்டியிலும் இப்போது ஒரு ‘பெல்’ வால்வு உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் இருப்பது சுலோவாக்கியா நாட்டு சாட்சா ஊரில் இப்போதும் செய்வது. இரண்டும் சண்டை போட்டதில்லை.

இனி நான் செய்த பாவத்துக்கு வருகிறேன்.

பின்பக்கம் ஒரு சின்ன வட்டம் இருக்கிறது. அதில் ஐந்து எண்கள்: 110, 127, 145, 220, 245. அந்தக் காலத்து பிரான்சில் ஒரு ஊருக்கு ஒரு கரண்டு. ஒரு ஊரில் 110, பக்கத்து ஊரில் 220. வீடு மாறினால் அந்தச் சின்னக் குமிழைப் பிடுங்கி, புது ஊரின் எண்ணில் செருக வேண்டும். பெரியப்பா எனக்குச் சொன்ன ஒரே கட்டளை, “பின்னாடி இருக்கிற எண்ணைத் தொடாதே.”

எனக்கு அப்போது பதினாலு வயது. கரண்டு பில் கூடிவிட்டது என்று வீட்டில் பேச்சு. நான் யோசித்தேன்: 220 என்பதை 110 ஆக்கினால் செலவு பாதியாகுமே! தொட்டேன். மாற்றினேன். சுவிட்சைப் போட்டேன்.

ஃபியூஸ் போயிருக்க வேண்டும். போயிருந்தால் நான் பிழைத்தேன். ஆனால் அதற்கு முன்பே யாரோ ஒரு புண்ணியவான், ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று, அதில் செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார். நம் நாட்டில் ஃபியூஸுக்கு வேறு மருந்து ஏது? முதலில் ‘உம்’ என்று ஒரு சத்தம். பிறகு புகை. பிறகு அந்த வாசனை. எரிந்த எனாமலும் அரக்கும் கலந்த வாசனை. முப்பது வருடம் கழித்தும் எங்கே மோந்தாலும் எனக்கு வயிறு கலங்கும்.

பெரியப்பா திட்டவில்லை. அது இன்னும் மோசம். பெட்டியைச் சாக்கில் கட்டி, சைக்கிள் கேரியரில் ஏற்றி, என்னையும் கூட்டிக்கொண்டு நெல்லித்தோப்பில் ஒரு காயில் கட்டும் கடைக்குப் போனார். மோட்டாருக்கும் ஃபேனுக்கும் காயில் கட்டுகிற கடை. வாசலில் கருகிய மோட்டார்கள் குவிந்து கிடந்தன. கடைக்காரர் வால்வுப் பெட்டியை வாழ்நாளில் தொட்டதில்லை. அதைச் சொல்லவும் சொன்னார். ஆனால் டிரான்ஸ்ஃபார்மரைக் கையில் வாங்கி, “இரும்பு, செம்பு, சுத்து. இதுல என்ன பிரெஞ்சு, என்ன தமிழ்?” என்றார்.

அன்று அந்தக் கடையில் பார்த்ததை உங்களுக்குக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஸ்டாம்பிங் தகடுகளை ஒவ்வொன்றாகக் கத்தி நுனியால் நெம்பி எடுத்தார். காயிலின் மேல் காகிதத்தை உரித்தார். மேலாகத் தடித்த கம்பி ஒரு சுற்று. வால்வுகளின் கம்பியைச் சூடாக்கும் சுற்று அது. என்னைக் கூப்பிட்டார். “தம்பி, நான் பிரிக்கிறேன், நீ எண்ணு.” அவர் பிரிக்கப் பிரிக்க நான் எண்ணினேன். இருபத்தைந்து. “எத்தனை வோல்ட்டுக்கு?” என்று பெரியப்பாவைக் கேட்டார். பெரியப்பா ‘இ’ என்ற எழுத்தைக் காட்டி, “6.3” என்றார். கடைக்காரர் சுவரில் கரித்துண்டால் வகுத்தார். “வோல்ட்டுக்கு நாலு சுத்து. கதை முடிஞ்சுது!”

கதை உண்மையிலேயே அங்கேதான் முடிந்தது! 245 வோல்ட்டுக்கு 980 சுற்று. 300 வோல்ட்டுக்கு 1200 சுற்று, இரண்டு பக்கம். பிரான்சில் எவரோ ஒரு பொறியாளர் வரைபடம் போட்டுத் தீர்மானித்ததை, வரைபடம் பார்க்காமல், இருபத்தைந்து சுற்றுக் கம்பியிலிருந்து திரும்ப வாங்கிவிட்டார் நெல்லித்தோப்பு மனிதர். கைச்சக்கரத்தைச் சுற்றி, எண் காட்டும் மீட்டரைப் பார்த்து, அடுக்குக்கு அடுக்கு காகிதம் வைத்து, வார்னிஷில் முக்கி, இரண்டு நாள் வெயிலில் காய வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். பெரியப்பாவைப் பார்த்தார். 110, 127, 145 என்ற மூன்று துளைகளிலும் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி அடைத்துவிட்டார். 220-உம் 245-உம் மட்டும் மிஞ்சின. அந்த அரக்கு இன்றும் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வந்து பாருங்கள்.

220 இருக்கும்போது 245 எதற்கு என்று கேட்கலாம். நல்ல கேள்வி! நம் வீட்டுக் கரண்டு 230 வோல்ட் என்பது ஏட்டுக் கணக்கு. ராத்திரி பதினொரு மணிக்கு மீட்டர் வைத்துப் பாருங்கள், சில தெருக்களில் 250 காட்டும். 220 துளையில் குமிழ் இருந்தால், 6.3 வோல்ட் வேண்டிய கம்பிக்கு 7.1 வோல்ட்டுக்கு மேல் போகும். எரியும். நன்றாகத்தான் எரியும். ஆயுளைத் தின்றுகொண்டே எரியும். 245-இல் வைத்தால் ராத்திரியிலும் 6.4 வோல்ட்டோடு நிற்கும். சாயங்காலம் கரண்டு குறைந்தால் சத்தம் சற்று மந்தமாக இருக்கும், இருக்கட்டும். மந்தமான பாட்டைக் கேட்கலாம், கருகிய வால்வில் எதைக் கேட்பது?

அடுத்த எதிரி யார்? கடல்!

பாரீசில் இந்தப் பெட்டிக்குக் குளிர் மட்டும்தான் பகை. இங்கே உப்பு, ஈரம், பல்லி, எறும்பு, கரப்பான். வால்வின் கால்களில் பச்சைக் களிம்பு பிடிக்கும். சாக்கெட்டின் பிடி தளரும். ஒரு பக்கம் ‘கர்ர்’ என்று இரையும். உடனே வால்வு போய்விட்டது என்று புது வால்வு வாங்கக் கிளம்பாதீர்கள். கழற்றுங்கள், கால்களைத் துடையுங்கள், திரும்பச் செருகுங்கள். பாதி நோய் அதிலேயே போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் பாட்டுக் கேட்கிறோமோ இல்லையோ, தினம் ஒரு மணி நேரம் போட்டு வையுங்கள். இதன் சூடே இதற்கு மருந்து.

கணக்குப் பார்க்கிறவர்களுக்குச் சொல்கிறேன். எட்டு வால்வுகளின் கம்பிகள் சூடாக மட்டும் சுமார் 34 வாட். மற்றதும் சேர்த்து 85, 90 வாட். வெளியே வரும் பாட்டு? ஒரு பக்கத்துக்குப் பத்து வாட்! ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. மழைக்காலத்தில் அதையும் கணக்குப் பார்த்தால் வேறு பொழுதுபோக்கு தேடிக்கொள்ளலாம்.

ஒரு கார்த்திகை ராத்திரி. வெளியே மழை. என் மனைவி சொன்னாள், “இங்க பாருங்க, ஒரு பல்பு மட்டும் எவ்வளவு அழகா சிவந்திருக்கு!” எட்டிப் பார்த்தேன். அழகுதான். ஆனால் சிவந்திருந்தது நடுக்கம்பி அல்ல, வெளித் தகடு. அடுப்புக் கரி மாதிரிச் சிவப்பு. பாய்ந்து சுவிட்சை நிறுத்தினேன். தகடு சிவந்தால் பத்து எண்ணுவதற்குள் நிறுத்துங்கள். யோசனையெல்லாம் பிறகு.

காரணம் என்ன? முந்திய வால்வுக்கும் கடைசி வால்வுக்கும் நடுவில் ஒரு கண்டென்சர் உண்டு. பாட்டை விடும், டிசி கரண்டைத் தடுக்கும் வாயிற்காப்போன். மெழுகுக் காகிதத்தில் சுற்றிய பழைய சாமான். அறுபது வருட ஈரத்தில் ஊறி, டிசியையும் கசிய விட ஆரம்பித்திருந்தது. மதகுத் திருகு தானாகத் திறந்துகொண்டது, வால்வுக்குள் வெள்ளம். மீட்டர் வைத்தேன். பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் 4 வோல்ட். பழசைக் கழற்றி, 0.1 மைக்ரோஃபாரட், 630 வோல்ட், பாலியெஸ்டர் கண்டென்சர் ஒன்று வைத்தேன். டீக்காசு சாமான். பக்கத்திலிருந்த மூன்றையும் சேர்த்து மாற்றினேன், நாலும் ஒரே வயசு என்பதால். அன்றைக்கு அந்த டீக்காசு காப்பாற்றியது, கடைசி வால்வுக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் நிற்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை. அது போயிருந்தால் நெல்லித்தோப்பாலும் முடியாது. அதன் சுற்றுகள் அடுக்கடுக்காகப் பின்னியிருக்கும். இருபத்தைந்து எண்ணி மீட்கிற கதை அங்கே நடக்காது.

அந்த டிரான்ஸ்ஃபார்மருக்காகவே இன்னொரு விஷயம். ஒலிபெருக்கி மாட்டாமல் பாட்டுப் போடாதீர்கள். வடிகால் அடைத்த ஏரியில் மதகைத் திறந்து மூடி விளையாடினால் கரை என்னாகும்? வோல்ட்டேஜ் ஏறி ஏறி, சுற்றுக்குச் சுற்று பொத்துக்கொள்ளும். இப்போதைய சின்ன ஆம்ப்ளிஃபையர்கள் இதைப் பொறுத்துக்கொள்ளும். இது பொறுக்காது.

பொறுக்காதது இன்னொன்றும் உண்டு. அதுதான் உங்கள் கை. நிறுத்திய பிறகும் உள்ளே கண்டென்சர்களில் 300 வோல்ட் தங்கியிருக்கலாம். பிளக்கைப் பிடுங்குங்கள், ஒரு ரெசிஸ்டன்ஸ் வழியாக வடிய விடுங்கள், மீட்டரில் பூஜ்யம் பாருங்கள், அப்புறம் தொடுங்கள். அளக்கும்போது இடது கை சட்டைப் பையில் இருக்கட்டும். ஒரு முறை அடிமூடியைத் திறந்தபோது உள்ளே ஒரு பல்லி, இரண்டு முனைகளுக்கு நடுவே, வறுத்த மாதிரி ஒட்டிக்கிடந்தது. அதற்கு சட்டைப் பை இல்லை, பாவம். வெளியிலும் ஒரு வேலை பாக்கி உண்டு: பிரெஞ்சுக்காரன் இரண்டு முள் பிளக் வைத்திருந்தான். நான் மூன்று முள்ளாக்கி எர்த் கொடுத்தேன். அசல் கெட்டுவிட்டதே என்று ஒரு ரசிகர் வருத்தப்பட்டார். அசலைத் தொட்டபோதெல்லாம் கை சுரீர் என்றது என்று அவரிடம் சொன்னேன்.

2011 டிசம்பர் 30 யாருக்கு மறக்கும்? தானே புயல்! மரங்கள் சாய்ந்தன, கம்பங்கள் சாய்ந்தன, நாட்கணக்கில் இருட்டு. கரண்டு வந்த அன்று தெருவே கத்தியது. எனக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் போடவில்லை. நம் எலெக்ட்ரீஷியன்கள் வைத்திருப்பார்களே, சீரிஸ் லாம்ப், 100 வாட் குண்டு பல்பு, அதைத் தேடி எடுத்தேன். வால்வுகளையெல்லாம் கழற்றிவிட்டு, பல்பின் வழியாகக் கரண்டு கொடுத்தேன். பல்பு ஒரு கணம் மினுங்கி அடங்கியது. டிரான்ஸ்ஃபார்மர் நலம். அடங்காமல் பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். ஐந்நூறு ரூபாய் கருவி செய்யாததை ஒரு குண்டு பல்பு செய்யும். இப்போது குண்டு பல்பு கிடைப்பது வால்வை விடக் கஷ்டமாகிவிட்டது என்பது தனிச் சோகம்.

இத்தனை பாடு எதற்கு? இதன் சத்தம் அவ்வளவு உசத்தியா?

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அளந்து பார்த்தால் இன்று கடையில் கிடைக்கும் சாதாரண ஆம்ப்ளிஃபையர் இதைவிடச் சுத்தம். வால்வின் சத்தம் தேன், பால் என்று வர்ணிப்பவர்களை நான் நம்புவதில்லை. அதில் பாதி ஒலிபெருக்கியின் குணம், மீதியில் பாதி பெரியப்பாவின் ஞாபகம். ஆனால் ஒன்று உண்டு. இது தன் உடம்பு நிலையைச் சொல்லிக்கொண்டே இருக்கும். நம் பழைய தமிழ் இசைத்தட்டுகள் பெரும்பாலும் ஒற்றைத் தடம்தான், ஸ்டீரியோ இல்லை. அதுவும் நல்லதற்குத்தான். காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தைப் போட்டு இரண்டு ஒலிபெருக்கிக்கும் சரி நடுவில் உட்காருங்கள். நாகஸ்வரம் நேர் எதிரே நின்று ஊத வேண்டும். ஒரு மாதம் இடது பக்கம் சாய்ந்து ஊதினால், வலது பக்கத்து வால்வுக்கு வயசாகிறது. இப்படிச் சொல்லிவிட்டுப் படுக்கிற சாமான் இப்போது எது இருக்கிறது?

வயசான வால்வுக்கு மாற்று வேண்டுமே! ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி சாலைச் சந்தையில் தரை விரிப்பில் எப்போதாவது தலைகாட்டும். இல்லையென்றால் சென்னை ரிச்சி தெரு. வாங்கும்போது உச்சியைப் பாருங்கள். உள்ளே வெள்ளி பூசியது மாதிரிப் பளபளப்பு இருக்கும். அது பால் வெள்ளையாக வெளுத்திருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது. விலை கேட்கவே வேண்டாம். வாங்கி வந்தபின் பென்சிலால் லேசாகத் தட்டுங்கள். ஒலிபெருக்கியில் ‘டங்’ என்று கோயில் மணி அடித்தால், அதை முதல் சாக்கெட்டில் போடாதீர்கள்.

எங்கோ ஒரு வீட்டுப் பரணில் இதுபோல ஒன்று சாக்கு மூடிக் கிடக்கலாம். கிடந்தால் இன்று ராத்திரியே எடுத்து பிளக்கில் செருகிவிடாதீர்கள். குண்டு பல்பு கிடைக்கும்வரை பொறுங்கள்.

நான் அதிகம் பேசிவிட்டேன். அவைத் தலைவர் இரண்டு முறை கடிகாரம் பார்த்தார், நானும் பார்த்தேன். தட்டு தயாராக இருக்கிறது. ஒலிபெருக்கி இரண்டும் மாட்டியாகிவிட்டது. தம்பி, இடுப்பு வலி எப்படி இருக்கிறது? கொஞ்சம் பின்பக்கம் குனிந்து, அந்த வட்டத்தில் குமிழ் எந்த எண்ணில் நிற்கிறது என்று எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கப் படியுங்கள்.

245-ஆ? இன்னொரு முறை பாருங்கள்.

சரி. மின்விசிறிகளை நிறுத்துங்கள். விளக்கையும். சுவிட்சைப் போடுகிறேன். லாம்ப் சூடாகட்டும்.